கடற்கரைக் கோயிலும் கார்பன் சைக்கிளும்

ஞாயிறு விடியுமுன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு புது இனம் புறப்படுகிறது. உடம்போடு ஒட்டிய உடை, ராத்திரியிலும் கறுப்புக் கண்ணாடி, ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம் என்கிற கார்பன் சைக்கிள். சைக்கிளில் அரைக் கிலோ குறைக்க ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டியவர், சனிக்கிழமை பிரியாணியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை சாலை தோசைக்கல் மாதிரி தட்டை. அதனால் முட்டுக்காட்டுப் பாலத்தின் மேடுதான் இவர்களுக்கு இமயம். ஏறி முடித்தவர் முகத்தில் டென்சிங்கின் களை. கோவளம் தாண்டியதும் சவுக்குத் தோப்பு வரும், சாளுவன்குப்பத்தில் புலிக்குகை வரும். 2004 சுனாமிக்குப் பிறகு தோண்டியெடுத்த செங்கல் முருகன் கோயிலும் அங்கேதான் இருக்கிறது. யார் பார்த்தார்கள்? கண் முழுக்க நாடித்துடிப்பு காட்டும் பெட்டியில்.

கடற்கரைக் கோயிலை எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்மன் எழுப்பினான். 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் மாமல்லபுரம் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கோயில் சைக்கிள் படத்துக்குப் பின்புலம். சக்கரம் துல்லியமாக விழ வேண்டும். கோபுரம் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை.

பிறகு இட்லி, பொங்கல், வடை. எரித்த கலோரிக்கு வட்டியும் முதலும்.

மார்கழியில் திரும்பும்போதுதான் வேடிக்கை. வரும்போது முதுகைத் தள்ளிய வடகிழக்குக் காற்று இப்போது நெஞ்சில் கைவைக்கிறது. கேரியரில் சவுக்கு விறகு கட்டிய பெரியவர் ஒருவர், லுங்கியை மடித்துக்கொண்டு, துருப்பிடித்த சைக்கிளில் நிதானமாக முந்துகிறார்.

“என்ன சார், பஞ்சரா?”