கிழவி திரும்பி வருவாளா?

பிரித்தானிய அரசுக்கு ஒரு பயம். அணுகுண்டு வைத்திருக்கிற அரசுதான். மட்டக்களப்பின் குருக்கள்மடத்து அம்மா ஒருத்தி மகளின் பிள்ளைப்பேற்றுக்கு லண்டன் வந்து, சரக்கரைத்துக் கறி வைத்துக் கொடுத்துவிட்டு, ஊர் திரும்பாமல் நின்றுவிடுவாளாம். முழங்கால் வலியோடு அவள் எங்கே ஓடி ஒளியப் போகிறாள் என்று நீங்கள் கேட்பீர்கள். விசா அதிகாரி உங்களைப்போல அப்பாவி அல்ல.

திரும்பி வருவேன் என்று அவள்தான் நிரூபிக்க வேண்டும். கிராம சேவகரின் ஜி.எஸ். கடிதம், காணி உறுதி, பிறப்புப் பத்திரம், அத்தனைக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்க் கைரேகை. கடைசியில் வங்கிக் கணக்கு. அங்கேதான் மாட்டுவாள். குருக்கள்மடத்துத் துறையில் பாதைப் படகு ஏறினால் அம்பிலாந்துறை; வாவிக்கு அந்தப் பக்கம்தான் அவள் வயல். வெள்ளாமை வெட்டியதும் நெல்லுக்காசு ஒரேயடியாக வரும். மாதாமாதம் சம்பளச் சீட்டு கொடுக்கிற வயலை யார் கண்டது? கணக்கில் காசு இல்லையென்றால், வறியவள், வேலை தேடி வருகிறாள். நெல்லுக்காசைப் போட்டால், இது திடீரென்று எங்கிருந்து வந்தது? மகள் அனுப்பியது என்றால், சொந்த வருமானம் இல்லாதவள். ஆக, எப்படிப் பார்த்தாலும் கள்ளி.

அடுத்த கேள்வி இன்னும் அழகு. ஊரில் யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் எல்லோரையும் யுத்தம் துரத்திவிட்டது. அப்படியானால் ஊரோடு பிணைப்பு இல்லை, விசா இல்லை. பிள்ளைகள் எல்லோரும் இங்கேயே இருந்தால் தாராளமாகப் போகலாம். எதற்கு? லண்டன் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வரவா?

கனடா பெரிய மனதுள்ள நாடு. அங்கே சுப்பர் விசா உண்டு. தாயை அழைக்கிற மகன் குறைந்தபட்ச வருமானம் காட்ட வேண்டும். அவளுக்கு ஒரு லட்சம் டொலருக்கு மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். பாசத்துக்கும் வறுமைக்கோடு போட்டுவிட்டார்கள்.

குடும்பத்தைப் பார்க்க வருகிறவர்களை மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம் என்று பிரித்தானியாவில் ஒரு காலம் இருந்தது. 2013 ஜூன் 25இல் அந்த உரிமையை வெட்டி எறிந்தார்கள். இப்போது சனத்துக்கு மிஞ்சியது இன்னொரு விண்ணப்பம், இன்னொரு கட்டணம். 2025 ஏப்ரலில் அது 127 பவுண் ஆனது. கிழவி திரும்பி வருவாளா என்று இத்தனை கேள்வி கேட்கிறவர்களிடம் கட்டிய காசு மட்டும் திரும்பி வராது.

அதே 2013இல் இன்னொரு திட்டமும் போட்டார்கள். இலங்கை, இந்தியா உட்பட ஆறு நாட்டவரில் ஆபத்தானவர்கள் என்று கருதுவோர் 3,000 பவுண் பிணை கட்டிவிட்டு வரட்டுமாம். எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிட்டார்கள். பிணை கட்டுமளவுக்கு அவள் யாரைக் கொன்றாள்?

பணக்காரனுக்கு வேறு கதவு. 2022 பெப்ரவரி வரை, 20 லட்சம் பவுண் முதலிட்டால் பிரித்தானியாவில் குடியிருக்கவே விசா கிடைத்தது.

பதவி இருந்தால் அதுவும் தேவையில்லை. 2022 ஜூலையில் இலங்கையின் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்குப் பறந்தார். அங்கிருந்து சிங்கப்பூர். 14 நாள் அனுமதி, பிறகு நீடிப்பு. அதற்குப் பிறகு தாய்லாந்து. அவரிடம் ஜி.எஸ். கடிதம் கேட்டிருப்பார்களா? டொலர் தீர்ந்துபோன நாட்டின் வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்லியிருப்பார்களா? ஊரில் காத்திருப்போர் உண்டா என்று கேட்டிருந்தால் மட்டும் மனுசன் தலைநிமிர்ந்து பதில் சொல்லியிருப்பார். ஆயிரக்கணக்கானோர் அவர் மாளிகைக்குள்ளேயே வந்து, அவருடைய நீச்சல் குளத்தில் குளித்துக்கொண்டு காத்திருந்தார்களே.