கொள்கலன் முதன்மைக் கோட்பாடு: மஸ்ஜித் இந்தியாப் பின்சந்துகளில் ஒரு கள ஆய்வு

மளிகைக் கடையில் நெய் டின்னைக் கையில் எடுத்து, விலையைப் பார்ப்பதற்கு முன் அடியைத் தட்டிப் பார்க்கும் அக்காமார்களைக் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் காணலாம். நெய் வாங்க வந்தவர் என்று நாம் நினைக்கிறோம். அவர் வாங்க வந்தது டின். வீடு போய்ச் சேரும்வரை அது நசுங்காமல் இருக்கத் தயாரிப்பாளர் உள்ளே இட்ட திணிப்புதான் நெய். இந்த உண்மைக்குக் கல்வியுலகம் இன்னும் பெயர் வைக்காததால், கொள்கலன் முதன்மைக் கோட்பாடு என்று நானே வைத்துவிடுகிறேன்.

வரலாற்றுச் சான்று கேட்போர் தோட்டத்து லயங்களிலிருந்து தொடங்கலாம். அங்கே தண்ணீர் சுமந்தது நாலு கேலன் மண்ணெண்ணெய்த் தகரம். மண்ணெண்ணெய் சில வாரங்களில் எரிந்து தீர்ந்தது. தகரம் வருடக்கணக்கில் உழைத்தது. ஓட்டை விழுந்ததும் தட்டி விரித்துக் கோழிக்கூட்டுக்குக் கூரை போட்டார்கள். பால்மரத்து மங்கு பால் வெட்டு முடிந்தபின் கோழிக்குத் தண்ணீர் வைத்தது. நகரத்துக் காப்பிக் கடைகளில் பிளாஸ்டிக் பை வருவதற்கு முன் காப்பியைக் காலிப் பால் டின்னில் ஊற்றிக் கயிறு கோத்துக் கொடுத்தார்கள். அதே பால் டின்தான் வீட்டில் அரிசிக்கும் அளவு. பழைய ஆத்தாக்களிடம் கிராம் கணக்குக் கேட்டால், "எத்தனை பேரு? மூணு டின்னு போடுடி" என்பார்கள். சமையலறையின் அளவை முறையையே ஒரு காலி டப்பா தீர்மானித்த பிறகு, அதற்குள் முதலில் என்ன இருந்தது என்பது துணைக்கேள்வி.

1934இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மேய்ன் உருவாக்கிய மைலோவைப் பானம் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் அடுப்படியில் அது மிளகாய்த்தூள், கடலைப்பருப்பு, புளி ஆகியவற்றின் பச்சைநிற நிரந்தர முகவரி. இப்போது மைலோ பெரும்பாலும் பொட்டலத்தில் விற்பதை நாகரிக வீழ்ச்சியாகவே கருதுகிறேன். இந்த விஷயத்தில் என்னிடம் ஆய்வாளருக்குரிய நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

இனி களம்: கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா. பழைய சாமான் ஆய்வுக்குப் புதுத்துணித் தெருவா என்று கேட்கலாம். ஜாலான் பெட்டாலிங் பக்கத்துப் பசார் காராட்டுக்கோ, அம்கோர்ப் மால் வாரக்கடைசிச் சந்தைக்கோ போகக் கூடாதா? அங்கே போனால் பொருள் ஏற்கெனவே பழையது என்று தீர்ப்பாகி, விலையும் ஒட்டப்பட்டுவிட்டது. எனக்கு வேண்டியது ஒரு பொருள் பழையதாகும் அந்தக் கணம். அதைப் பார்க்க 1863இல் மரக்கட்டடமாக எழுந்த பள்ளிவாசலைச் சுற்றியுள்ள பின்சந்துகளை விட வசதியான இடம் இல்லை. சேலை, பாஜு கூரோங், கம்பளம், அத்தர் என்று முன்வாசலில் புதுமை விற்கிறது. பின்வாசலில் அதன் உறைகள் வெளியேறுகின்றன. சனிக்கிழமை லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மான் பாசார் மாலாம் கலையும் நேரம் இத்துறையின் அறுவடைக் காலம்.

அங்கே கிடைப்பவை எவை? சாப்பாட்டுக் கடைகளின் 17 கிலோ எண்ணெய் டின்: மேல்மூடியை வெட்டி, பக்கத்தில் ஒரு வாசல் திறந்தால் கரி அடுப்பு, அடியில் துளையிட்டால் பச்சைமிளகாய்த் தொட்டி. இது மறுக்க முடியாத பொருள், ஆகவே இதில் எனக்கு ஆர்வம் குறைவு. பூக்கடைக்காரர் விட்டுச்செல்லும் வெள்ளை நுரைப்பெட்டியில் கங்குங் கீரை செழிக்கும். வெயில் மண்ணைச் சுடாமல் அது காக்கிறது. 25 கிலோ அரிசிச் சாக்கில் மஞ்சளும் இஞ்சியும் போடலாம். அறுவடையில் மண்வெட்டிக்கு வேலையில்லை, சாக்கைக் கவிழ்த்தால் போதும். ஜிப் வைத்த பாஸ்மதிப் பை கிடைத்தால் அதில் மண் போடுகிறவர் பண்பாடற்றவர். அது துணிக்கு, பத்திரங்களுக்கு, விமானப் பயணத்துக்கு.

துணி சுற்றிவரும் கெட்டி அட்டைக் குழாய் தனிக் கவனத்துக்குரியது. நீளமும் உறுதியும் பார்த்தால் பாகல் பந்தலுக்கென்றே பிறந்தது போலிருக்கும். முதல் பெருமழையில் அது கூழாகிவிடும். இருந்தும் ஆண்டுதோறும் ஆட்கள் அதைத் தோளில் சுமந்து எல்ஆர்டி ஏறுகிறார்கள். பயன் என்பது பொருளில் இருப்பதைவிடப் பார்ப்பவரின் கண்ணில் அதிகமாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கை உடைந்த கடைப் பொம்மையும் இப்படித்தான். காக்கை விரட்டக் கொல்லையில் நட்டால் மைனாக்கள் அதன் தோளில் அமர்ந்து பப்பாளி தின்னும். ஆனால் அண்டை வீட்டார் இரவில் அந்தப் பக்கம் வருவது நின்றுவிடும். ஆக, பாதிப் பயன்.

இங்கே ஒரு விதியைப் பதிவு செய்ய வேண்டும். "பாய், இந்த டின்னு வேணுமா?" என்று கேட்டால் பதில்: "எடுத்துக்குங்கக்கா, குப்பைக்குத்தான் போவுது." அத்தோடு எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். "ஓட்டை கீட்டை இல்லையே?" என்று இரண்டாம் கேள்வி கேட்ட அந்தக் கணத்தில் குப்பை சரக்காகிறது: "நல்ல டின்னுக்கா, ரெண்டு வெள்ளி கொடுங்க." பொருளுக்கு மதிப்பு உழைப்பால் வருகிறதா, தேவையால் வருகிறதா என்று பொருளியல் அறிஞர்கள் இருநூறு ஆண்டுகளாக அடித்துக்கொள்கிறார்கள். அது இரண்டாம் கேள்வியால் வருகிறது.

கோட்பாட்டின் உச்சம் நீலத் தோங். 200 லிட்டர் கொள்ளும் இந்தப் பிளாஸ்டிக் பீப்பாய் கிள்ளான் பள்ளத்தாக்கின் குலதெய்வம். 1998 தண்ணீர்ப் பஞ்சம், 2014 பங்கீடு, சிலாங்கூர் ஆறு மாசுபட்டுச் சுத்திகரிப்பு ஆலைகள் நின்ற 2020 செப்டம்பர் என்று ஒவ்வொரு முறை குழாய் இருமும்போதும் அதன் பக்தர்கள் பெருகினார்கள். 1970இல் ஜார்ஜ் அகெர்லோஃப் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை (2001இல் நோபல் பரிசு) பழைய கார்ச் சந்தையைப் பற்றியது: விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாது, அதனால் நல்ல சரக்கு சந்தையை விட்டே போய்விடும் என்றது. அவர் தோங் வாங்கியதில்லை என்று தோன்றுகிறது. அதற்குள் முன்பு என்ன இருந்தது என்பது வாங்குபவனுக்கும் தெரியாது, விற்பவனுக்கும் தெரியாது. அறியாமை சமமாகப் பங்கிடப்பட்டிருப்பதால் வியாபாரம் அமோகம்.

"அங்கள், இதுல என்ன இருந்துச்சு?"

"கிச்சாப்புதான் தம்பி. இல்லாட்டி சவர்க்காரம்."

அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருந்தால் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன், நல்லது என்று விவரமறிந்தோர் தலையாட்டுவார்கள். அந்த எண் பிளாஸ்டிக்கின் சாதியைத்தான் சொல்லும். குடியிருந்தது யார் என்று சொல்லாது. மூக்கை உள்ளே விட்டு முகர்வதே இத்துறையின் ஒரே கருவி. கிச்சாப் வாடை வந்தால் கழுவி வெயிலில் காயப்போட்டுச் செடிக்கு நீர் சேர்க்கலாம். பெயர் தெரியாத மருந்து வாடை வந்தால் கீரைக்குக்கூட வேண்டாம். பிளாஸ்டிக் தான் குடித்ததை லேசில் விடாது.

இந்த இடத்தில் அரசாங்கம் ஆய்வுக்குள் நுழைகிறது. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் 1975இன் கீழ், உங்கள் தோங்கில் கொசுப்புழு இருந்தால் 500 வெள்ளி வரை காம்பவுண்ட் அபராதம். ஏடிஸ் கொசு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டுகிறது. காய்ந்த நிலையிலும் அது மாதக்கணக்கில் காத்திருக்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்க்க வேண்டும். வாய்க்குக் கட்ட வலைத்துணி வேண்டும். அது எங்கே கிடைக்கும்? மஸ்ஜித் இந்தியாவில், திரைச்சீலைக் கடையின் வெட்டுத்துண்டுக் கூடையில். மிதிவண்டி டியூபை வளையமாக வெட்டி இறுக்கினால் கொசு நுழையாது.

மைக்கேல் தாம்சன் 1979இல் வெளியிட்ட குப்பைக் கோட்பாட்டு நூலையும் விட்டுவிட முடியாது. பொருள் மதிப்பிழந்து குப்பையாகி, யாரும் கவனிக்காத அந்த இருட்டில் கொஞ்ச காலம் கிடந்து, பிறகு அரும்பொருளாக எழும் என்கிறார். அடுக்குத் தூக்கு இதற்கு உயிருள்ள சான்று. தோட்டத்துக்குச் சோறு சுமந்தபோது அது பாத்திரம். எவர்சில்வர் வந்ததும் பரணுக்குப் போனது. இன்று சந்தையில் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கிறது. பரணில் கிடந்த காலத்தில் தூக்கி எறிந்தவர்கள் இந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று விலை கேட்கும் முகபாவம், நூலில் இல்லாத அத்தியாயம்.

அடுத்த ஆய்வு மூடிகள் பற்றியது. மாதிரிகள் பொன்னி அரிசிச் சாக்கொன்றில் சமையலறை அலமாரிக்குக் கீழே சேர்ந்துள்ளன. இதுவரை எதுவும் எதற்கும் பொருந்தவில்லை. அறிவியல் அவசரப்படக் கூடாது. சாக்கு குறித்து வீட்டம்மாள் எழுப்பியுள்ள ஆட்சேபம், பழைய பேப்பர் லாரி ஒலிபெருக்கியோடு நம் சாலைக்குள் திரும்புவதற்குள் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படும்.