குட்டியப்பா

காந்திபுரத்தில் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். அவர் செருமினாலே கடைப் பையன்கள் எழுந்து நிற்பார்கள். அப்பேர்ப்பட்டவர் விடியற்காலை மூன்று மணிக்கு மொட்டை மாடியில் குந்தி உட்கார்ந்து, "போங்க சாமி, சீக்கிரம் போயிருங்க, அப்பாவுக்குத் தூக்கம் வருதுல்லீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தால், அவர் வீட்டுக்கு இரண்டு மாத லாப்ரடார் வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். இவர்தான் குட்டியப்பா. நூறடி ரோட்டிலிருந்து டாடாபாத் வரை ஃபிளாட்டுக்கு ஒருவர் தேறுவார்.

குட்டி வருகிற வரைக்கும் அவர் நாட்டு நாய்க் கட்சி. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று விரல் மடக்குவார். "2005லயே ராஜபாளையத்துக்கு ஸ்டாம்பு போட்டாங்க, தெரியுமுங்களா?" என்று டீக்கடையில் முழங்குவார். முழங்கிய சூட்டோடு போய் லாப்ரடார் வாங்கி வருவார். கேட்டால், "பையன் ஆசைப்பட்டானுங்க." தோட்டத்து நாய்களுக்கெல்லாம் மணி, கருப்பன் என்று பேர் வைத்த குடும்பம் அது. இதன் பேர் லியோ.

ஆசைப்பட்ட பையன் இரண்டாம் நாள் ராத்திரியே போர்வையை இழுத்து மூடிக்கொள்வான். தடுப்பூசி எல்லாம் முடிகிற வரைக்கும் தெருவில் இறக்காதீர்கள், பார்வோ வந்துவிடும் என்று கால்நடை டாக்டர் சொல்லிவிடுவார். மிச்சமிருப்பது மொட்டை மாடி. அங்கே எதிர் ஃபிளாட் அம்மா வடகம் காயவைத்திருப்பார். மறுநாள் லிஃப்டுக்குள் அசோசியேஷன் நோட்டீஸ் தொங்கும்: "சில உறுப்பினர்களின் கவனத்திற்கு..." அந்தச் சிலர் யாரென்று லியோவைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

ஆடி மாதம் வந்தால் இன்னும் விசேஷம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று லுங்கியைப் பறிக்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து "திருப்பூர், ஈரோடு" என்று கூவும் குரல் மாடி வரைக்கும் கேட்கும். லியோ காதைத் தூக்கி அதை ரசிக்கும். வந்த வேலையை மறந்துவிடும். அரை மணி நேரம் காத்திருந்து கீழே தூக்கி வந்தால், வாசற்படி மிதியடியில் ஆற அமர முடித்துக்கொள்ளும்.

அப்புறம் ஹாலில் பேப்பர் விரிக்கும் படலம். தலைவர் படமிருக்கும் பக்கம் ஆகாது, வம்பு. சாமி படம் கூடவே கூடாது. கண்ணீர் அஞ்சலிப் பக்கம் பாவம். ராசிபலனை அம்மணி இன்னும் படிக்கவில்லை. கடைசியில் அவிநாசி ரோட்டு வீட்டுமனை விளம்பரம் மட்டும் தப்பாமல் கிடைக்கும். லியோ கார்னர் சைட்டாகப் பார்த்து உட்காரும்.

ஒரே வாரத்தில் ஆள் நிபுணராகிவிடுவார். கடை நோட்டின் பின்பக்கத்தில் லியோ பேரில் தனிக்கணக்கு ஓடும்: தீனி எல்லாம் வரவு, மற்றதெல்லாம் செலவு. கெப்பாசிட்டர் வாங்க வந்த அன்னூர் விவசாயியை ஸ்டூலில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவார். "தூங்கி எந்திரிச்சா, தின்னு முடிச்சா, விளையாடி ஓஞ்சா, ஒடனே வெளிய தூக்கிட்டுப் போயிரோணுமுங்க. ரெண்டு மாசக் குட்டி ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல அடக்காதுங்க. அப்புறமேட்டுக்குப் போயித் திட்டினா எதுக்குத் திட்டறோம்னு அதுக்குத் தெரியாது. சோபாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு போகத்தான் பழகும். பினாயில் ஊத்தினா நம்ம மூக்குக்குத்தான் வாசம் போகும். அது மூக்கு பழைய இடத்தையே தேடி வந்துருமுங்க."

விவசாயி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொல்வார்: "எங்க தோட்டத்து நாய் அதும்பாட்டுக்கு வேலியோரம் போயிக்குதுங்க. நோட்டெல்லாம் போடறதில்லீங்க."

குட்டியப்பா அசரமாட்டார். "குட்டிக கண்ணு முழிச்சு நடக்கப் பழகின ஒடனேயே படுக்கற எடத்த விட்டுத் தள்ளித்தான் போகுமுங்க. லியோவும் அதத்தான் பண்ணுது. படுக்கறது பெட்ரூமு, போறது ஹாலு. அது கணக்குல ஹாலுதான் வேலியோரம். மூணாவது மாடி மொத்தமும் வூடுதான்னு அதுக்கு யாரு சொன்னாங்க?" அன்றைக்கு அவர் சொன்னதில் உருப்படியானது இதுதான். விவசாயி கெப்பாசிட்டருக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்வார், அதுமட்டும் நடக்காது.

கடைப் பையன்களுக்குப் பொறுக்காத விஷயம் வேறு. ஒரே நாளில் மூன்று பம்பு செட் விற்றவனைப் பார்த்து "ம்" என்றவர், மாடியில் லியோ மூலையில் ஒதுங்கிய அந்த நொடியே கைதட்டி, "சூப்பருங்க! தங்கமுங்க!" என்று கூவுகிறாராம். உடனுக்குடன் பாராட்டினால்தான் குட்டிக்குப் புரியும் என்பது அவர் சித்தாந்தம். பையன்களுக்கும் அப்படித்தான் என்று அவரிடம் சொல்ல ஆளில்லை.

இதையெல்லாம் அம்மணி ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பிள்ளைகளை வளர்த்தபோது ராத்திரி அழுகைக்கு ஒருநாளும் எழுந்திராத மனுஷர், இப்போது குட்டி முனகினாலே அலாரத்துக்கு முன்னால் எழுந்துவிடுகிறார். துணி மாற்றுகிறார், தரை துடைக்கிறார், மணி குறிக்கிறார். மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிற தேதி முடிவான அன்று, சாப்பாடு போட்டபடியே அம்மணி வாயைத் திறப்பார்:

"ஏனுங்க, குழந்தை பொறந்தா ராத்திரி டியூட்டி உங்களுதுதானுங்க. நோட்டுல இன்னும் பக்கம் இருக்குதுல்ல?"