ஐயரம்மா சௌக்கியமா?

முப்பத்திரண்டு வருஷம் அரசு அலுவலகத்தில் கடிதம் வரைந்தவனைப் பார்த்து, கல்யாணப் பத்திரிகை உறையில் பெயர் எழுதத் தெரியாது என்று கட்டிய மனைவி சொன்னால் ரோஷம் வருமா, வராதா? வந்தது. மகள் கல்யாணத்துக்குத் தென்காசியில் பழக்கமான மதகுருமார் அத்தனை பேரையும் நானே நேரில் அழைப்பதாகக் கார்த்திகை பிறந்ததும் சபதம் போட்டேன்.

உறை வரைக்கும் ஜெயம்தான். கோயில் அர்ச்சகருக்கு 'சிவஸ்ரீ', சி.எஸ்.ஐ. போதகருக்கு 'அருட்திரு', கத்தோலிக்கக் குருவுக்கு 'அருட்தந்தை', பள்ளிவாசல் இமாமுக்கு 'மௌலவி'. பழக்கத்தில் ஒரு மடாதிபதி இல்லையே என்று வருத்தம்கூட வந்தது. இருந்தால் 'சீர்வளர்சீர்' போட்டிருக்கலாம்.

மனைவி பார்த்தாள். "எழுதினது சரிதான். நேர்ல பார்த்தா என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

அங்கேதான் சனி உட்கார்ந்திருந்தது.

முதலில் கோயில். காசி விசுவநாதர் கோபுர வாசல் காற்று ஊரறிந்தது. ஒரு கையில் வேட்டி, மறு கையில் பத்திரிகை. "ஐயரே!" என்றேன். திரும்பவில்லை. மூன்றாவது தடவை கத்தியபோது பூக்கட்டும் அம்மாள்தான் திரும்பினாள். "அவுக பட்டர்லா!" சென்னையில் குருக்கள், திருச்செந்தூரில் போத்தி, நெல்லைச் சீமைச் சிவன் கோயிலில் பட்டர். இத்தனை வருஷம் கைநீட்டித் திருநீறு வாங்கியவனுக்கு, கொடுத்தவரைக் கூப்பிடத் தெரியவில்லை.

'ஐயர்' என்ற சொல்லையே இனித் தொடுவதில்லை என்று முடிவுகட்டி, போதகர் வீட்டுக்குப் போய், "வணக்கம் ஃபாதர்" என்றேன். அவர் சிரித்தார். "எங்க சபையில ஐயர்னுதான் கூப்பிடுவாக." 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், 1841-இல் இடையன்குடியில் குடியேறிய கால்டுவெல், பிறகு ஜி.யு. போப் என்று வெள்ளைக்காரர் எல்லாரையும் ஐயராக்கிய சீமை அல்லவா இது? கோயிலில் செல்லாத காசு இங்கே செலாவணி ஆனது. காப்பி கொண்டுவந்த அவர் மனைவி 'ஐயரம்மா'. சட்டைப்பையிலிருந்த துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டேன்: 'ஐயர். ஐயரம்மாவையும் மறக்காமல் விசாரிக்கவும்.'

அந்தச் சீட்டோடுதான் கத்தோலிக்கப் பங்குக்குப் போனேன்.

"வணக்கம் ஐயர். ஐயரம்மா சௌக்கியமா இருக்காவளா?"

உபதேசியார் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். வெள்ளை அங்கிக்காரர் மட்டும் முகம் மாறாமல், "நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லைங்க" என்றார். வெளியே வரும்போது உபதேசியார் காதோடு சொன்னார்: "சாமின்னு சொன்னாப் போதும் சார்."

பள்ளிவாசலில் ஜாக்கிரதையானேன். 'பாய்' என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். ஆலிமைப் போய் பாய் என்பது, பாடம் சொன்ன வாத்தியாரை 'அண்ணே' என்பது மாதிரி. வாசலில் தொப்பியும் தாடியுமாக நின்றவரிடம் பயபக்தியோடு, "ஹஜ்ரத், பத்திரிகை" என்றேன். "நான் பாங்கு சொல்ற மோதினாருங்க. ஹஜ்ரத் உள்ளே இருக்காக" என்றார்.

பட்ட அவமானத்தைக் கழுவ மறுநாள் மனைவியோடு குற்றாலம் போனேன். பேரருவியில் சபரிமலைக் கூட்டம். அருவிக்கு அடியில் எல்லாரும் சாமி. தலைவர் குருசாமி, ஏழு வயசுப் பையன் சாமி, பாட்டி மாளிகைப்புறம். "சாமி, தள்ளுங்க சாமி" என்று இடுப்பில் இடித்தவரும் சாமி, இடிபட்ட நானும் சாமி. கல்யாண வேலையில் பத்து நாள் சவரம் செய்யாததற்கு இப்படி ஒரு பலனா என்று பூரித்து வெளியே வந்தேன். சிப்ஸ் கடைக்காரர், "வாங்க சாமி" என்று நேந்திரங்காய்ச் சிப்ஸுக்கு வெளியூர் விலை சொன்னார். சாமியாகிவிட்டவன் பேரம் பேசலாமா? பணத்தை எடுத்தேன். "அண்ணாச்சி, நாங்க தென்காசிதான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. விலை இறங்கியது. என் தெய்வத்தன்மையும்தான்.

கல்யாணத்தன்று நாலு பேரும் வந்தார்கள். நான் மண்டப வாசலில் துண்டுச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். மனைவியோ கைகூப்பி, "வாங்க வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றாள். நாலு பேருக்கும் அதே 'வாங்க'. பட்டரோ ஐயரோ சாமியோ ஹஜ்ரத்தோ யாருக்கும் குறை வைக்கவில்லை. நான் உறை உறையாகத் தேடியதையெல்லாம் இவள் ஒரு 'ங்க'வில் முடித்துவிட்டாள்.

கடைசியாக வெள்ளை அங்கி என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. அவர் கண் பந்தியை மேற்பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி மேல் இருந்தது.

"அதான் உங்க ஐயரம்மாவா? சௌக்கியமா இருக்காவளா?"