முன்னேற்றக் கதை சொல்வது எப்படி?

(காரைக்குடிப் பக்கம் விருந்தாளிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டுபவர்களுக்குச் சில யோசனைகள்)

நோய், போர், வெயில், விலைவாசி என்று உலகமே அடிபட்டுக் கிடக்கிறது. இந்த நேரத்தில் வருகிறவர்களுக்குத் தெம்பாக ஒரு முன்னேற்றக் கதை வேண்டும். செட்டிநாட்டைவிடத் தோதான இடம் கிடைக்காது. ஆனால் சொல்லத் தெரிந்து சொல்ல வேண்டும்.

செட்டியார் வீட்டு முகப்பிலேயே ஆரம்பியுங்கள். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல். சுண்ணாம்புப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்திருக்கிறது என்றதும் எல்லாரும் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். தடவட்டும். அந்தச் சந்தில் "கடல் கடந்தார்கள், உழைத்தார்கள், உயர்ந்தார்கள்" என்று சொல்லி முடித்துவிடுங்கள். யாருக்குக் கடன் கொடுத்தார்கள், என்ன வட்டி என்று பேச்சு வளர்ந்தால் கதை கெட்டுப்போகும்.

பழைய பேரேடு இருந்தால் காட்டலாம். பிள்ளையார் சுழி, கோயிலுக்கு எழுதிய மகமை, அதோடு மூடிவிடுங்கள். 1930க்குப் பிறகுள்ள பக்கங்கள் வேண்டாம். ஏனென்றால் அங்கேதான் வில்லங்கம்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்த இரண்டொரு வருஷத்தில் பர்மாவின் ஐராவதி டெல்டாவில் நெல் விலை பாதிக்கும் கீழே போனது. இங்கிருந்து போன செட்டியார்களிடம் வாங்கிய கடனைப் பர்மிய உழவரால் கட்ட முடியவில்லை. அடமான வயல் வட்டிக்கடைக்கு வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937இல் 25 பங்கு. ஏழே வருஷத்தில் நாலு மடங்கு! இதை இன்று யாராவது படம் போட்டுக் காட்டினால் கைதட்டுவோம். ஆனால் கடைக்காரர் கேட்டது ரொக்கம், வந்தது சேற்று நிலம். விற்கலாம் என்றால் நல்ல விலைக்கு வாங்க ஆளில்லை. உழுதவர் வயலை இழந்தார், கொடுத்தவர் முதலை இழந்தார், சொத்துக் கணக்கு மட்டும் கொழுத்தது. இந்த இடத்தை விளக்கப் போகாதீர்கள். வந்தவர்கள் தினமும் செய்தியில் வளர்ச்சி விகிதம் கேட்பவர்கள், சந்தேகம் தொற்றிக்கொள்ளும்.

1930 டிசம்பரில் தாராவதியில் சாயா சான் தலைமையில் உழவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அது வேறு தேசத்துச் சரித்திரம் என்று கழற்றிவிடலாம். 1942ஐ விட முடியாது. பர்மாவுக்குள் ஜப்பான்காரன் வந்தான், எல்லாம் போயிற்று என்று உருக்கமாகச் சொல்லுங்கள். அசாம், மணிப்பூர் மலைவழியே நடந்தே வந்து வழியில் செத்த கூலிக்காரர்களுக்கு இங்கே முகப்பு வைத்த வீடு இல்லை. ஆகவே அவர்களைக் காட்ட வழியுமில்லை. 1948இல் சுதந்திர பர்மா நிலத்தை அரசுடைமையாக்கியதை "அநியாயம்" என்று சொன்னால் போதும். அந்த வயல் முதலில் யாருடையது என்று கேட்பவர் ஒருவராவது இருப்பார். அவரை மாடிக்கு அனுப்பிவிடுங்கள், காற்று நன்றாக வரும்.

பூசி மெழுகாமல் சொல்லக்கூடிய கதையும் ஒன்று இருக்கிறது. அதே 1948 ஜூலையில் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். அதற்கு நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். இதற்கு எந்த யோசனையும் தேவையில்லை.

ஊருணிப் பக்கம் மட்டும் கூட்டிப் போகாதீர்கள். ஓட்டுக் கூரையில் விழுந்த மழையை முற்றத்தில் வாங்கிச் சேமித்து, மிச்சத்தை ஊருணிக்கு ஓடவிட்ட ஊர்கள் இவை. தேக்கும் சலவைக்கல்லும் கப்பலில் வந்தன, அதனால் முன்னேற்றம். தண்ணீர் வானத்திலிருந்து சும்மா வந்தது, அதில் என்ன பெருமை? ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி என்று கேட்டால் பெரிய எண்ணாகச் சொல்லுங்கள், அசந்து போவார்கள்.

கடைசியில் முனீஸ்வரன் கோவில் தெரு. பங்காளிகள் பாகம் பிரித்து, பராமரிக்க முடியாமல் இடித்த வீடுகளின் நிலை, கதவு, எனாமல் தூக்குச்சட்டி எல்லாம் அங்கே விலைக்குக் கிடைக்கும். "பாரம்பரியத்தை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்" என்று சொல்லுங்கள். பேரம் உண்டு.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கவுனி அரிசி இனிப்பு கட்டாயம். கறுப்பாக இருக்கிறதே, எந்த ஊர் அரிசி என்று கேட்பார்கள். பர்மாவிலிருந்து வந்தது என்று பெருமையாகச் சொல்லலாம். யார் விளைவித்தது என்று அடுத்த கேள்வி வருமுன் இன்னொரு கரண்டி வைத்துவிடுங்கள்.