பழங்கணக்கின் பண்டிதர்கள்

மதுரைக் காளவாசலில் பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கும் கனவான்கள், பூமிக்கடியில் எண்ணெய் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைப் பண்டிதர்கள் நிர்ணயிக்கும் விதத்தை அறிவது நலம். 1997இல் உற்பத்தி தொடங்கிய நார்வே தேசத்து நார்ன் எண்ணெய் வயலின் விவரங்களை ஸ்டாட்டாயில் கம்பெனி ட்ரோண்ட்ஹெய்ம் சர்வகலாசாலைக்குத் தாராளமாக வழங்க, ஆராய்ச்சியாளர்கள் பாறையின் ஊடுருவுதிறனைக் கணினி மாதிரியில் கூட்டியும் குறைத்தும், கிணறுகள் ஏற்கெனவே தந்த எண்ணெய், நீர், வாயுக் கணக்கோடு அம்மாதிரி பொருந்தும்வரை திருத்தினார்கள். நடந்ததைப் பிசகாமல் சொல்லி, நடக்கப்போவதற்குத் தட்சிணை கேட்கும் ஜோதிடரின் சாமர்த்தியம் இதுவே. சங்கடம் யாதெனில், வெவ்வேறு மாதிரிகள் பழங்கணக்கை ஒரே குரலில் ஒப்பித்துவிட்டு, எதிர்காலத்தில் மட்டும் அபிப்பிராய பேதம் கொள்கின்றன. நம் நரிமணத்து எண்ணெய்க் கிணறுகளுக்கும் இவ்விதி பொதுவே. கம்பெனிக்கு வேண்டியது ஓர் எண். சர்வகலாசாலைக்கு வேண்டியது ஒரு டாக்டர் பட்டம். இரண்டும் தவறாமல் கிடைப்பதால் இக்கூட்டுறவில் மனஸ்தாபத்துக்கு இடமேயில்லை.