புகை போன பேருந்தும் போகாத புகையிலையும்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்துகளில் அந்தக் காலத்திலும் 'புகை பிடிக்காதீர்' என்று எழுதித்தான் இருந்தது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்து பீடி பற்றவைப்பார்கள். தென்னாற்காடு மாவட்டம் பிரியாத காலம். எனக்கு ஏழாம் மாதம். ஆலப்பாக்கம் வருவதற்குள் குமட்டிக்கொண்டு வரும். முன் சீட்டுப் பெரியவரிடம் சொன்னால், "சன்னலைத் தொறந்து வெச்சுக்கம்மா" என்பார், உண்மையான பரிவோடு.

வளைகாப்புக்கு வந்த ஆண்களுக்குத் தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கோடு சிகரெட்டும் வைத்தோம். வைக்காவிட்டால் மரியாதைக் குறைவு. பிரசவ வார்டு வராந்தாவில் அப்பாக்கள் ஊதித் தள்ளினார்கள். குடிக்கிறவனுக்குக் கேடு என்று தெரியும். வயிற்றில் இருப்பதற்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை.

புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு தாயின் ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போக வேண்டியது குறைகிறது. அதனால்தான் சில குழந்தைகள் நாள் நிறையாமலும், இரண்டரைக் கிலோகூட இல்லாமலும் பிறக்கின்றன.

2003இல் சட்டம் வந்தது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல், பொது இடங்களில் புகைக்கத் தடை இறுகியது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். "பீடிக்குப் பின்னால போலீஸ் ஓடுமா?" என்று எங்கள் தெருவில் சிரித்தார்கள். போலீஸ் ஓடவில்லைதான். ஆனால் பக்கத்தில் இருப்பவர் தைரியமாக "அணைங்க சார்" என்று சொல்லும் காலம் வந்துவிட்டது. என் மருமகள் அதே சாலையில், இப்போது அரசு எடுத்துக்கொண்ட ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாதாமாதம் போய் வந்தாள். ஒரு நாள்கூட புகை என்று முகம் சுளித்ததில்லை.

இதன் பலனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பொது இடத் தடை வந்த பிறகு குறைப்பிரசவங்கள் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தன என்று 2014இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வெளியானது. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒரு தடையால் இத்தனை பிள்ளைகள் முழு மாதமும் வயிற்றில் தங்கியிருக்கிறார்கள்!

ஆனால் நம் ஊர்க் கணக்கு வேறு மாதிரி போகிறது. தமிழ்நாட்டுப் பெரியவர்களில் ஏதாவதொரு வகையில் புகையிலை பயன்படுத்தியவர்கள் 2009-10 ஆய்வில் 16.2 சதவீதம், 2016-17 ஆய்வில் 20. பேருந்தில் புகை மறைந்த அதே ஆண்டுகளில்தான் இது நடந்தது. குட்கா, பான் மசாலாவுக்கு 2013இல் தடை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. பெட்டிக்கடையில் கேட்கத் தெரிந்தவர்களுக்குப் பொட்டலம் எப்போதும் கிடைத்தது.

சிதம்பரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் நடவுக்கு வந்த பெண்ணைப் பார்த்தேன். ஐந்தாம் மாதம். மசக்கைக்கு வாய் நன்றாக இருக்கிறதென்று கன்னத்தில் புகையிலையை அடக்கியிருந்தாள். "இதுல ஏதுக்கா புகை? புள்ளைக்கு என்ன பண்ணும்?" என்றாள். மும்பையில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வொன்று 2004இல் வெளியானது. மெல்லும் புகையிலை போட்ட தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தன. அதை அவளிடம் சொன்னேன். நூறு கிராம் என்பது, இரண்டரைக் கிலோவைத் தொடத் தவிக்கும் பிள்ளைக்குப் பெரிய எடை.

இரும்புச்சத்து மாத்திரை கொடுக்க வரும் நர்ஸம்மா இதைக் கேட்க வேண்டும், அதட்டாமல், மாமியார் இல்லாத நேரமாகப் பார்த்து. வீட்டுக்காரர் திண்ணையில் பீடி குடிக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். விட நினைப்பவர்களுக்கு 1800112356 என்ற இலவச எண் இருப்பதைச் சொல்ல வேண்டும். பொட்டலம் விற்பவர்களைப் பிடிப்பதில் காட்டும் வேகத்தில் பாதியாவது இதில் வேண்டும். அந்தப் பெண்ணிடம் அதுவரை யாருமே கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தால் மறைத்திருக்க மாட்டேன் என்றாள்.